தீய்ந்த வாடையும் நான்கு நாள் காயிலும்: ஒரு பாட் கருவியோடு எட்டு மாதம்

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தீர்ந்ததும் தூக்கியெறியும் வேப்களின், அதாவது மின்சிகரெட்டுகளின், விற்பனை நிறுத்தப்பட்டது. சிகரெட்டை விட்ட பிறகு ஓராண்டாக அவற்றையே நம்பியிருந்த எனக்கு, லிக்விட்டை (ஆவியாக்கி இழுக்கும் திரவம்) ஊற்றிக் காயிலை (அதைச் சூடாக்கும் கம்பியும் பஞ்சும் கொண்ட சிறு பாகம்) மட்டும் கழற்றி மாட்டும் வகைக் கருவிக்கு மாறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 22 பவுண்டுக்கு ஒரு பாட் கருவியை வாங்கினேன்; பாட் என்பது லிக்விட் நிரப்பும் சிறு குப்பி. கருவியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. முதல் மாதத்தில் கருவியின் மீது நான் சுமத்திய குறைகளில் பாதிக்கு மேல் என் கைவேலைதான் என்பது பிற்பாடு தெரிய வந்தது.

கருவி சட்டைப்பைக்குள் அடங்குகிறது. உலோக உடம்பு, கையில் நல்ல பிடிப்பு, காலையில் முழுதாக ஏற்றினால் இரவு வரை தாங்கும் பேட்டரி. பாட் சட்டப்படியான 2 மி.லி. கொள்ளளவு உடையது. காயில் அடியிலிருந்து செருகும் வகை, 0.8 ஓம், அதன் பக்கவாட்டில் 12 முதல் 16 வாட் என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கிறது. ஐந்து காயில் கொண்ட பெட்டி 11 பவுண்டு.

முதல் காயில் நான்காம் நாளே போய்விட்டது. அடிப்பிடித்த பாலைத் தெரியாமல் வாயில் ஊற்றிக்கொண்டால் தொண்டையில் ஏறும் காறல் எப்படியோ, அப்படி ஒரு சுவை. ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்த பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. இரண்டாவது காயிலும் அதே கதி, மூன்றாவது மூன்றே நாள். வாங்கிய கடையில் கேட்டபோது, இந்த வகைக் காயில் அவ்வளவுதான் உழைக்கும் என்று சொல்லி இன்னொரு பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

வீட்டில் பழைய காயிலையும் புதியதையும் ஒரு டிஷ்யூ தாள் மேல் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியதன் பக்கத் துளைகளில் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. பழையதன் பஞ்சு, எண்ணெய் வற்றிய அகல் விளக்கின் திரியைப் போல நுனி கருத்திருந்தது. உள்ளே இருந்த வலைக்கம்பி மீது அடிபிடித்த வெல்லப்பாகு போன்ற கரும்படலம். இரண்டும் வேறு வேறு கோளாறுகள் என்பது அப்போது புரியவில்லை. விளக்கில் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும் வரை திரி எரிவதில்லை, எண்ணெய்தான் எரிகிறது. எண்ணெய் வராதபோதுதான் திரி தானே எரியத் தொடங்கும். காயிலின் பஞ்சுக்கும் இதே கணக்குதான். லிக்விட் வந்து சேரும் வேகத்தை விடக் கம்பி அதை ஆவியாக்கும் வேகம் கூடிவிட்டால் பஞ்சு கருகும். இப்படிக் காய்ந்து சூடேறும் நிலையில் லிக்விட்டின் கிளிசரின் சிதைந்து அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை கூடுதலாக உண்டாகின்றன. ஆகவே கருகல் சுவையைப் பொறுத்துக்கொண்டு "இன்னும் ஒரு நாள் ஓட்டலாம்" என்று இழுப்பது சிக்கனமாகாது. கரும்படலம் வேறு கதை. அது லிக்விட்டில் கலந்திருக்கும் இனிப்பின் வேலை.

இதை எனக்கு விளக்கியவர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் சிறிய வேப் கடை வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். காயிலை நீட்டினேன், அதைத் தொடக்கூட இல்லை. "தம்பி, முதல் லிக்விட் போத்தலைக் காட்டுங்கோ" என்றார். அந்த ஒரு கேள்வியிலேயே பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

நான் பயன்படுத்தியது ஷார்ட்ஃபில் எனப்படும் பெரிய பாட்டில். 2016ஆம் ஆண்டின் விதிகளின்படி இங்கே நிக்கோட்டின் கலந்த லிக்விட்டை 10 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக் கூடாது. நிக்கோட்டினும் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதனால் நிக்கோட்டின் இல்லாத 50 மி.லி. லிக்விட்டைப் பெரிய பாட்டிலில் விற்று, மில்லிலிட்டருக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள 10 மி.லி. சிறு பாட்டில் (ஷாட்) ஒன்றை நாமே கலந்துகொள்ளும்படி விடுகிறார்கள். கலந்து முடித்தால் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம்தான் மிஞ்சும். விலை மலிவு என்று வாங்கினேன். ஆனால் அதில் 70 விழுக்காடு வி.ஜி., அதாவது கிளிசரின். தேன் போலக் கெட்டியான அந்தத் திரவம் பெரிய காயில்களுக்கு உரியது. என் காயிலின் சின்னத் துளைகள் வழியே அது பஞ்சுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. போதாக்குறைக்கு, பழைய வேப்களின் 20 மில்லிகிராமுக்குப் பழகிய உடம்புக்கு 3 மில்லிகிராம் எந்த மூலைக்குப் போதும்? விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தேன். கெட்டியான லிக்விட், ஓய்வில்லாத இழுப்பு, புகை போதவில்லை என்று 16 வாட்டிலேயே நிறுத்தி வைத்த கருவி: இவை மூன்றும் சேர்ந்தால் எந்தக் காயிலும் நான்கு நாளைத் தாண்டாது.

அவர் கொடுத்தது வி.ஜி.யும் அதைவிட நீர்த்த பி.ஜி.யும் (புரோப்பிலீன் கிளைக்கால்) பாதிக்குப் பாதி கலந்த, மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் நிக்கோட்டின் சால்ட் (உப்பு வடிவ நிக்கோட்டின்) உள்ள லிக்விட். வாட்டை 13க்கு இறக்கச் சொன்னார். புதுக் காயிலை மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பஞ்சுத் துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, வெள்ளைப் பஞ்சு ஈரம் குடித்து மங்குவதைப் பார்த்த பிறகே பாட் குப்பிக்குள் செருகினோம். நிரப்பிப் பத்து நிமிடம் அப்படியே வைத்தோம். முதல் இழுப்புக்குப் பிறகு பாட் குப்பிக்குள் சின்னக் குமிழி ஒன்று மேலே எழுந்தது; லிக்விட் உள்ளே போகிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். அந்தக் காயில் 17 நாள் உழைத்தது. 20 நாளுக்கு ஒரு பெட்டி வாங்கிய எனக்கு இப்போது ஒரு பெட்டி ஏறக்குறைய மூன்று மாதம் வருகிறது. நாளொன்றுக்கு ஆகும் லிக்விட்டும் குறைந்துவிட்டதால், ஷார்ட்ஃபில்லின் மலிவு உண்மையில் மலிவே இல்லை.

இடையில் ஆசைப்பட்டு ஒரு கஸ்டர்டு சுவையை ஊற்றிப் பார்த்தேன். எட்டாம் நாள் காயில் கறுத்தது. இனிப்புக்குச் சேர்க்கும் சுக்ரலோஸ் ஆவியாகிப் போகாமல் கம்பியிலேயே படிந்து கருகுகிறது. இதற்கு எந்த வாட்டும் மருந்தாகாது. சாதாரண மெந்தாலுக்கே திரும்பிவிட்டேன்.

கருவியின் சொந்தக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். புதுக் காயிலை மாட்டியதும் அது தானாகவே உச்ச வாட்டுக்கு, 16க்கு, தாவி நிற்கிறது. ஊறாத பஞ்சைக் கருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, ஒவ்வொரு முறையும் நினைவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. கறுப்புச் சாயம் ஏற்றிய பாட் குப்பிக்குள் லிக்விட் எவ்வளவு இருக்கிறது என்பது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்தான் தெரிகிறது. கால் பங்குக்குக் கீழே இறங்கியதைக் கவனிக்காமல் இழுத்து ஒரு காயிலை வீணாக்கினேன். எட்டு மொழிகளில் மடித்து வைத்த விளக்கத் தாளில் ஊறவைக்கும் நேரத்தைப் பற்றி ஒரே ஒரு வரி.

புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துக் கருவி வாங்கக் கிளம்ப வேண்டாம். இது சிகரெட்டிலிருந்து இறங்கி வருபவர்களுக்கான படிக்கட்டு. ஊருக்குப் போகும்போது பெட்டியில் வைக்கவும் வேண்டாம்: இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்கிறது; சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம்.

கருவிக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். அரை மதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டது அந்தத் தானியங்கி 16 வாட். மீதி ஒன்றைக் கறுப்புப் பாட் குப்பிக்காகக் குறைக்கிறேன். ஈஸ்ட் ஹாம் கடைக்கு ஐந்துக்கு ஐந்து. அன்றைக்கு அவர் என்னிடம் விற்றது நான்கு பவுண்டு பாட்டில் ஒன்றைத்தான். காயில் பெட்டியைக் கேட்டபோது, வீட்டில் இருப்பது முடியட்டும், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.