எஸ்எஃப்எக்ஸ் 200-ஆ, ரோலை 400-ஆ: வைட் லென்ஸ் மாட்டினால் கணக்கே மாறுகிறது

கோடாக் ஹெச்ஐஇ என்ற அகச்சிவப்பு ஃபிலிமை 2007-ல் நிறுத்திவிட்டார்கள். அதில் எடுத்த பழைய படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு இன்று அகச்சிவப்பு ஃபிலிம் வாங்குகிறவர்கள் முதல் ரோலிலேயே ஏமாந்து போகிறார்கள், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்ஐஇ 900 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள ஒளியைப் பதிவு செய்யும், சரி. ஆனால் வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பனி படர்ந்தது போல ஒரு ஒளி கசியுமே, அதற்குக் காரணம் அகச்சிவப்பு அல்ல. ஃபிலிமைத் தாண்டிப் போன ஒளி பின்னால் பட்டுத் திரும்பி வராமல் தடுக்கும் பூச்சு அதில் கிடையாது, அவ்வளவுதான். இங்கே நான் ஒப்பிடப்போகிற இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200, ரோலை இன்ஃப்ராரெட் 400 என்ற இரண்டு ஃபிலிமிலும் அந்தப் பூச்சு உண்டு. அந்தக் கசிவை இவற்றிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அகச்சிவப்புப் படத்தில் இலை வெள்ளையாவது வேறு விஷயம், அது இரண்டிலும் கிடைக்கும், அளவுதான் வேறு. பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். 700 நானோமீட்டரைத் தாண்டினால் விழுங்குவதை விட்டுவிடும், அப்போது இலைக்குள் இருக்கும் செல் சுவர்களில் பட்டு ஒளி நாலாபக்கமும் சிதறி வெளியே வரும். 1910-ல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்ட ராபர்ட் வுட் பெயரால் இதை வுட் எஃபெக்ட் என்கிறோம், மரத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. இலையின் இந்த மாற்றம் ஒரே இடத்தில் நடப்பதில்லை, 700-ல் தொடங்கி 750 வரை படிப்படியாக ஏறுகிறது. இங்கேதான் இரண்டு ஃபிலிமும் பிரிகின்றன. எஸ்எஃப்எக்ஸ் 740 வாக்கில் நின்றுவிடும், ரோலை 820 வரை போகும். ஹோயா ஆர்72 ஃபில்டர் 720-க்கு மேல்தான் ஒளியை விடும். அப்படியென்றால் எஸ்எஃப்எக்ஸுக்கு மிஞ்சுவது 20 நானோமீட்டர் அளவுள்ள ஒரு சந்து, ரோலைக்கு 100. எஸ்எஃப்எக்ஸில் ஆர்72 மாட்டி எடுத்தவர்கள் ‘இவ்வளவு மெதுவா?’ என்று அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். நான் அந்த ஜோடியை விட்டுவிட்டேன். எஸ்எஃப்எக்ஸ் என்றால் ‘சிவப்பு 25’ என்ற சாதாரண சிவப்பு ஃபில்டர், ரோலை என்றால் ஆர்72, அப்படித்தான் ஒப்பிட வேண்டும்.

வெறும் இலைக்காக மட்டும் பார்த்தால் ரோலைதான், பேச்சே இல்லை. சிவப்பு 25 கண்ணுக்குத் தெரியும் சிவப்பையும் உள்ளே விடுவதால் எஸ்எஃப்எக்ஸில் புல்லும் இலையும் வெளிர் சாம்பலோடு நின்றுவிடும். ரோலையில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வரும், நீலவானம் கிட்டத்தட்டக் கறுத்துவிடும், அசையாத தண்ணீர் மையாகிவிடும். தொலைவில் இருக்கும் மலையின் நீல மங்கல் இரண்டிலும் குறையும், ரோலையில் இன்னும் நன்றாகவே குறையும். மூடுபனியை மட்டும் எதுவும் துளைக்காது, அந்த நீர்த்துளிகள் அதற்கு மிகப் பெரியவை.

ஆனால் வைட் லென்ஸில் முன்னால் ஏதாவது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் படம் காலியாக இருக்கும். நான் பெரும்பாலும் 24 மிமீ லென்ஸைத் தாழ்வாக வைத்து, லென்ஸிலிருந்து இரண்டடி தூரத்தில் புல்லை வைப்பேன். புல்லும் தொலைவில் நிற்கும் மரமும் சேர்ந்து கூர்மையாக வர லென்ஸின் துளையை எஃப் 16 வரை சுருக்க வேண்டும். ஃபில்டர் தின்னும் ஒளியையும் சேர்த்து, ஆர்72-உடன் ரோலையின் வேகத்தை நான் ஐஎஸ்ஓ 6 என்று கணக்கு வைக்கிறேன், நல்ல வெயிலில்கூட ஷட்டர் 1/6 நொடி திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மரம் அசையாதது போலத்தான் தெரியும், கிட்டே இருக்கும் புல்லோ லேசான காற்றுக்கே பஞ்சு பிய்த்த மாதிரி கரைந்துவிடும். ஒரு முறை நெகட்டிவை லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பின்னால் ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக இருந்தது, முன்னால் கால்வாசிப் படம் வெள்ளைப் புகை. மனசு விட்டுப்போயிற்று. எஸ்எஃப்எக்ஸும் சிவப்பு 25-ம் என்றால் ஐஎஸ்ஓ 25, அதே எஃப் 16-ல் 1/25 நொடி, புல் பெரும்பாலும் புல்லாகவே வரும், கையில் பிடித்தும் எடுக்கலாம். காற்றடிக்கும் நாளில் நான் எடுத்துப் போவது எஸ்எஃப்எக்ஸ். காற்றே இல்லாத காலையில், டிரைபாடோடு, ரோலை.

எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. அதில் லென்ஸ் வழியாகவேதான் பார்க்க வேண்டும், ஆர்72 மாட்டினால் வியூஃபைண்டர் இருட்டு. ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் வைத்து, பிறகு ஃபில்டரைத் திருகி, மறுபடி எடுக்க அதைக் கழற்ற வேண்டும். சிவப்பு 25-ல் உலகம் சிவப்பாகத் தெரியும், தெரிகிறது அல்லவா, அது போதும். ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னல் வழியாகப் பார்ப்பதால் இந்தப் பிரச்சினையே இல்லை.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும் ஒளியை விடச் சற்றுத் தள்ளிக் குவியும், அந்த ஃபோகஸ் நகர்வுக்கு வைட் லென்ஸில் அதிகம் பயப்பட வேண்டாம். பழைய லென்ஸில் சிவப்புப் புள்ளி இருந்தால் தூரத்தை அதற்கு நேராக வையுங்கள், இல்லாவிட்டாலும் எஃப் 11-ஐ விட அகலமாகத் திறக்காதவரை 24 மிமீயில் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். ரோலையை மட்டும் நிழலில், முடிந்தால் இருட்டில் லோடு செய்யுங்கள். அதன் பாலியெஸ்டர் அடிப்பட்டை வழியாக ஒளி உள்ளே ஓடும். வெயிலில் அவசரமாக மாட்டி முதல் நான்கு ஃபிரேமைப் புகையாக்கியிருக்கிறேன்.

லென்ஸ் விஷயத்தில் 20 மிமீயை விட 28 எனக்குப் பிடிக்கும். 20-ல் வானம் ஒரே சீராகக் கறுக்காது, சூரியனுக்கு எதிர்ப்பக்கம் கறுத்து, சூரியன் பக்கம் வெளுத்து, ஒரே படத்துக்குள் இரண்டு வானம் இருக்கும். மேகம் நிறைய இருந்தால் அது கண்ணில் படாது, வெறும் வானத்தில் படும். இலைக்கு வெயில் முன்பக்கமாக விழ வேண்டும் என்று சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்தால், காலையிலும் மாலையிலும் உங்கள் நிழலும் டிரைபாடின் மூன்று காலும் அந்த வெள்ளைப் புல்மேல் கறுப்பாக நீளும். சூரியன் ஒரு தோளுக்கு மேலே வரும்படி கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், 28-ல் அது போதும், 20-ல் இன்னும் நன்றாகத் திரும்ப வேண்டியிருக்கும்.