அடுக்குத் தேனீயா, இத்தாலியனா?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் தேன்பெட்டி வைக்க வருகிறவர் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார். தேன் அளவில் போட்டியே இல்லை. நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீப் பெட்டி ஆண்டுக்கு 10 கிலோ தந்தால் பெரிது. வெளிநாட்டு இனமான இத்தாலியன் தேனீ நன்றாக மேய்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். பெட்டியும் வேறு: அடுக்கிற்குச் சிறிய நியூட்டன் பெட்டி, இத்தாலியனுக்குப் பெரிய லாங்ஸ்டிராத்.

இரண்டையும் ஒரே சரிவில் வைத்துப் பார்த்தேன். இன்று என்னிடம் அடுக்கு மட்டுமே இருக்கிறது.

காரணம், பூ இல்லாத மாதங்கள். காப்பியைப் பூக்கவைக்கும் கோடை மழையான பூமழை விழுந்து தோட்டம் வெள்ளையாகப் பூத்திருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. ஐப்பசி மழையில் மேய்ச்சல் அற்றுப்போனதும் அடுக்குப் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைத்தேன், அதுவும் பட்டப்பகலில். தப்பு என்னுடையதுதான். அரை மணி நேரத்தில் இத்தாலியன் வாசலில் மொய்த்தது. உருவத்தில் பெரியது; காவல் தேனீக்களைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து, பாகை முடித்து, அடையில் மூடியிருந்த மெழுகையும் பிய்த்துத் தேனைக் குடித்தது. இரண்டாம் நாள் பெட்டியில் வெற்று அடைதான் இருந்தது. கூட்டமே ராணியோடு கிளம்பிவிட்டது. அதன் பிறகு இருட்டியபின் பாகு, சுருக்கிய வாசல், சிந்தினால் உடனே துடைப்பது என்று மழைக்காலம் முழுவதும் காவல் காத்தேன். தேனில் வந்த லாபம் இந்த வேலைக்குக் கட்டுபடியாகவில்லை.

அடுக்கைக் கோழை என்று நினைக்க வேண்டாம். கதண்டு என்னும் பெரிய குளவி வந்தால் நூற்றுக்கணக்கில் உருண்டையாகச் சூழ்ந்து, உடலை அதிரவைத்து, 46 டிகிரிக்குச் சூடேற்றியே கொன்றுவிடும். இத்தாலியன் பெரும்பாலும் ஒவ்வொன்றாகப் பாய்ந்து வெட்டுப்படும். வரோவா உண்ணியையும் அடுக்கு தானே கடித்து உதறிக்கொள்கிறது. இத்தாலியனுக்கு நாம் மருந்து வைக்க வேண்டும்.

அடுக்கிலும் குறை உண்டு. 1991-92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் என்னும், தேனீயின் இளம்புழுக்களைக் கொல்லும் நோய் அடுக்குக் கூட்டங்களைத்தான் வாரிக்கொண்டு போனது. கோபித்துக்கொண்டு ஓடிவிடும் குணம் வேறு.

இத்தாலியனை நான் வைத்திருந்தது ஒரே ஆண்டு, நாலே பெட்டி. சமவெளியில் சூரியகாந்திக்கு லாரியில் ஏற்றிப் போகிறவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம்.

இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் இத்தாலியன் இறக்கப்போகிறாராம். அது 3 கிலோமீட்டர் சாதாரணமாகப் பறக்கும். எங்கள் இருவருக்கும் இடையே ஓர் ஓடைதான் இருக்கிறது.