டிபிஆர் காசு எந்த வழியில் வந்தால் நல்லது?

ஒரு நீர்வடிப்பகுதிக்கு, அதாவது மழைநீர் ஓடி ஒரே ஓடையில் சேரும் நிலப்பரப்புக்கு, டிபிஆர் என்கிற விரிவான திட்ட அறிக்கை போடுவதென்றால் ஓடையின் தலைப்பிலிருந்து கடைசிக் குட்டை வரை நடந்தாக வேண்டும். எந்த சர்வே எண்ணில் வரப்பு, எங்கே தடுப்பணை, எந்தக் கிணற்றில் சித்திரையில் எத்தனை அடியில் தண்ணீர் என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இந்த வேலைக்குப் பொதுப்பணம் பெரும்பாலும் மூன்று வழிகளில் வருகிறது: டெண்டர், அரசுத் திட்டத்தின் தவணை, நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) நிதி. தொண்டு நிறுவனக் கணக்குகளோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். காசு வரும் வழியைப் பார்த்தே அறிக்கை எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

டெண்டரில் ஆடிட்டருக்கு நிம்மதி. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க, தரத்துக்கும் விலைக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறை இருக்கிறது. தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்கும் முறையும் இருக்கிறது. இரண்டாவதில் சிக்கல் என்னவென்றால், நடக்கிறவன் தோற்று, கணினியில் வரைபடம் போடுகிறவன் ஜெயிப்பான். பணம் தொடக்க அறிக்கை, வரைவு, இறுதி அறிக்கை என்று கட்டம் கட்டமாக வரும். ஊர்க் கூட்டம் நாலு முறை தள்ளிப்போனால் அந்தச் செலவு உங்கள் தலையில்.

அப்புறம் ஜிஎஸ்டி. நீர்வடிப்பகுதி மேம்பாடு அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிப் பணியாக இருப்பதால், மத்திய, மாநில அரசுகளுக்கோ உள்ளாட்சிக்கோ நேரடியாகச் செய்யும் தூய சேவைக்கு (பொருள் விற்பனை சேராத வேலைக்கு) விலக்கு உண்டு. அரசு அமைத்த முகமைகள், சங்கங்களுக்கான விலக்கு மட்டும் 2022 ஜனவரி 1 முதல் போய்விட்டது. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது துறையா, முகமையா என்று விலை எழுதுவதற்கு முன்பே பாருங்கள். வரி இல்லை என்று நினைத்து விலை எழுதிவிட்டுப் பிறகு 18 சதவீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அரசுத் திட்டத்தில் நீங்கள் ஒப்பந்ததாரர் இல்லை, செயலாக்க முகமை. தமிழ்நாட்டில் மேலே இருப்பது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான மத்திய அரசின் 2008 பொது வழிகாட்டுதலின்படி சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாயாக இருந்தது. அதில் டிபிஆருக்கு 1 சதவீதம். 5,000 ஹெக்டேர் திட்டம் என்றால் மொத்தம் 6 கோடி, டிபிஆருக்கு 6 லட்சம். அதாவது ஹெக்டேருக்கு 120 ரூபாய். நடப்பது, அளப்பது, கூட்டம் போடுவது, அச்சடிப்பது எல்லாம் அந்த 120க்குள். 2021இல் வந்த புதிய வழிகாட்டுதலில் ஹெக்டேர் மதிப்பு சமவெளிக்கு 22,000, மலைப்பாங்கான பகுதிக்கு 28,000 என்று ஏறியது. கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

2008 ஏற்பாட்டில் இந்த வழியின் பெரிய வசதி, கையில் முதலிலேயே காசு இருந்தது. முதல் தவணை 20 சதவீதம், அடுத்தது 50, கடைசி 30. ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் இடையில் செலவுச் சான்றும் தணிக்கையும் நிற்கும். அங்கேதான் வேடிக்கை. ஒரு ஊரில் தெருவில் கோலப்பொடியால் கிராம வரைபடம் போட்டோம். ஓடையை நீலப்பொடியில் ஒரு பாட்டிதான் வரைந்தார். ஆவணத்தில் இல்லாத ஒரு பழைய வாய்க்காலையும் சேர்த்தார். தணிக்கையில் கோலப்பொடி 140 ரூபாய் 'பண்டிகைச் செலவு' என்று அடிக்கப்பட்டது. டீக்கடை பில் இல்லாத கூட்டச் செலவும் போயிற்று. அந்த வாய்க்கால் மட்டும் டிபிஆரில் தங்கிவிட்டது. அதனால் சொல்கிறேன்: கூட்டம் நடந்த அன்றே தீர்மான நகல், வருகைப் பதிவு, வவுச்சர் மூன்றையும் சேர்த்துப் பின் அடித்துவிடுங்கள். மாசக் கடைசியில் உட்கார்ந்து எழுதினால் கதைதான் எழுத வேண்டியிருக்கும்.

நபார்டு வழி வேறு மாதிரி. 1999-2000இல் 200 கோடி ரூபாயோடு தொடங்கிய நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி அது. மகாராஷ்டிராவின் இந்திய-ஜெர்மன் திட்டத்தில் பழகிய முறையைப் பின்பற்றுகிறது. ஊர் முதலில் சிரமதானம் (கூலியில்லா உழைப்பு) செய்து ஆர்வத்தைக் காட்ட வேண்டும். பிறகு சுமார் 100 ஹெக்டேரில் சின்னதாக வேலை செய்து பழக வேண்டும். அதற்கப்புறம்தான் முழுப் பகுதிக்கான அறிக்கை. வரப்பு போட்டு, அது முதல் மழையில் உடைந்ததைப் பார்த்த விவசாயி, அடுத்த திட்டத்தில் கல்வழிந்தோடியை (மிச்சத் தண்ணீர் வரப்பை உடைக்காமல் வெளியேறக் கல் அடுக்கிய வழி) எங்கே வைப்பது என்று தானே சொல்வார். எந்தக் கன்சல்டன்டும் இதற்கு ஈடில்லை.

மக்கள் பங்கிலும் வித்தியாசம் உண்டு. அரசுத் திட்டத்தில் தனியார் நில வேலைக்கு 10 சதவீதம். ஆதிதிராவிடர், பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு 5. நபார்டில் உடலுழைப்புக் கூலியில் 16 சதவீதம், நிலமற்றவர்களுக்கு விலக்கு. கூலிக்கு வெளியூர் போகும் ஊர்களில் இந்த 16 கசக்கும். தாமதமும் அதிகம், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் வராதீர்கள்.

என் ஓட்டு நபார்டுக்குத்தான், பரப்பு ஆயிரம் ஹெக்டேர் வாக்கில் இருந்தால். அதற்கு மேல் பல ஊர்கள் சேரும்போது அரசுத் தவணைதான் தாங்கும். நபார்டில் பணம் ஊர்க் குழுவும் நிறுவனமும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்குக்கு வருகிறது. செக்கில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குழுப் பொருளாளர் ஒருமுறை பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு லோடு கல்லுக்கு இவ்வளவு எழுதியிருக்கீங்களே, எந்தக் குவாரியில வாங்கினீங்க சார்?" என்று கேட்டார். மதிப்பீட்டைத் திருத்திக்கொண்டு மறுநாள் போனோம்.