அப்பாவோட 23 கேசட்டும் செட்டிகுளம் பக்கத்துல ஒரு மாடிக் கடையும்

மொதல்லயே சொல்லிடுதேன், நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல யாரு வீட்லயாவது பழைய கேசட்டு கிடந்தா தயவுசெஞ்சு தூரப் போட்டுடாதீங்க. கோயில் கொடை (ஊர்க் கோயில் திருவிழா), திருவிழாக் கச்சேரி, கானமேளா (மேடைல பாடுற பாட்டுக் கச்சேரி) இப்படி வீட்டு ஆளுங்களே நேர்ல போய் பிடிச்ச கேசட்டுன்னா அது வேற எங்கயும் கிடைக்காது. உலகத்துலயே அந்த ஒண்ணுதான் இருக்கும். அதக் கம்ப்யூட்டர் பைலா மாத்தித் தர்ற கடை ஒண்ணு செட்டிகுளம் ஜங்ஷன்ல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. நான் 23 கேசட்டு கொடுத்தேன். கடை பேரு எழுதணும்னுதான் இருந்தேன், ஆனா அண்ணாச்சி ஒத்த ஆளா சோலி பாக்குதாரு, இப்பவே கையில நெறைய வேலை கிடக்கு, பேரு போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு. அந்தப் பக்கம் போய் பழைய ரேடியோ ரிப்பேர் பண்ற அண்ணாச்சின்னு கேட்டா சொல்லுவாங்க.

எங்க அப்பாவுக்கு ஒரு நேஷனல் பானாசோனிக் டேப் ரெக்கார்டர் இருந்துச்சு. எங்க வில்லுப்பாட்டு, எங்க கச்சேரின்னு கேள்விப்பட்டாலும் அதத் தோள்ல தொங்க போட்டுக்கிட்டு சைக்கிள்ல கிளம்பிடுவாவ. பின்னாடி கேரியர்ல நான். அப்பா தவறிப் போனதுக்கப்புறம் மச்சுல ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள எல்லா கேசட்டும் கிடந்துச்சு, பாதிக்கு மேல வெள்ளையா பூசணம். நம்ம ஊரு ஈரத்துல டேப் எல்லாம் அப்படித்தான் ஆகும், ரெண்டு பருவமழையும் பெய்யுற ஊரு.

இந்தக் கடைக்கு முன்னாடி வேற ஒரு ஊர்ல ஒரு இடத்துல ரெண்டு கேசட்டு கொடுத்துப் பாத்தேன். ரெண்டு நாள்லயே கொடுத்துட்டாங்க, பளிச்சுனு அட்டைப்பெட்டில சிடி போட்டு. வீட்ல வந்து போட்டுப் பாத்தா நெஞ்சே அடச்சுப் போச்சு. இரைச்சல எடுக்கோம்னு சொல்லி கூட்டத்து சத்தம் பூராவும் துடச்சுட்டாங்க, வில்லுக்காரம்மா தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டு பாடுற மாதிரி இருக்கு, வில்லுல கட்டுன மணிச் சத்தமே இல்ல. மணிச் சத்தம் இல்லாம என்ன வில்லு? இன்னொண்ணுல பாட்டுக்கு நடுவுல அமைதியா இருக்க இடத்தையெல்லாம் சாப்ட்வேரே வெட்டித் தள்ளிடுச்சு. அந்த ரெண்டாவது கேசட்டு பத்தி பின்னாடி சொல்லுதேன், அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம்.

நல்ல வேளை ஒரிஜினல் கேசட்டு கையில இருந்துச்சு. எங்க மைனி சொல்லித்தான் இந்த அண்ணாச்சிகிட்ட போனேன். ஒரு கேசட்டப் போட்டு கண்ண மூடிக்கிட்டு அஞ்சு நிமிசம் கேட்டாரு. ஒண்ணும் பேசல. அப்புறம், "தம்பி, சத்தத்தத் துடைக்கணுமா, அப்படியே விடணுமா? அவசரப்படாத, ஒண்ண ரெண்டு விதமாவும் பண்ணித் தாறேன், வீட்ல அம்மாவையும் கூட்டி வச்சு கேட்டுட்டு வா"ன்னாரு. இந்த ஒரு கேள்விக்கே நான் நாலு ஸ்டார் கொடுத்துடுவேன்.

மொதல்ல வந்தது எங்க ஊரு முத்தாரம்மன் கோயில் கொடை, அப்பா கையெழுத்துல 1989னு போட்டிருக்கு. வில்லு கேக்காதவங்களுக்குச் சொல்லுதேன். பெரிய வில்லு, அது நெடுக மணி, வீசுகோல் ரெண்டு, குடம், உடுக்கை, தாளம், கட்டை, முன்னால பாடுற புலவர், அவங்க விட்ட எடத்துல இருந்து எடுத்துப் பாட வலதுபாடி, இடதுபாடி. கன்னியாகுமரி மாவட்டத்துல இதுல பொம்பளைங்க தனியா தலைமை தாங்கிப் பாடியிருக்காங்க, 2018ல இறந்துபோன பூங்கனி அம்மா மாதிரி பேரெடுத்தவங்க இருந்த மண்ணு இது. எங்க ஊர்ல அன்னைக்குப் பாடுனதும் ஒரு அம்மாதான். சாமக்கொடை நேரம், அதாவது நடுராத்திரி பூசை, கதை முடியப் போகுது, அந்தம்மா குரல் ஏற ஏற குடம் அடிக்கிற வேகமும் ஏறுது, பின்னாடி பொம்பளைங்க எல்லாம் சேந்து குரவை போடுதாங்க, யாரோ ஒருத்தருக்கு சாமி வந்து கூட்டம் வழி விடுது. இதெல்லாம் நான் அப்பா மடில உக்காந்து பாத்தது. பைல்ல அது எல்லாமே அப்படியே இருக்கு, தூரத்துல வெடி வெடிக்கிற சத்தம் கூட.

இதுல ஒரு பெரிய பிரச்சனை இருந்துச்சு. மேடைப் பக்கத்துல பிளக் பாயிண்ட் இல்லாததால அப்பா பேட்டரில ஓட்டிருக்காவ, ராத்திரி போகப் போக பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாயிருக்கு. மெதுவா ஓடிப் பதிஞ்ச டேப்ப இப்ப சரியான வேகத்துல போட்டா குரல் கீச்சுன்னு கேக்கும், போகப் போக இன்னும் மோசமாகும். வீட்ல நாங்க போட்டப்ப இத டேப்பு கெட்டுப் போச்சுன்னுதான் நெனச்சோம். அண்ணாச்சி பண்ணது என்னன்னா, மைக் செட்டுல எப்பவும் ஊம்னு ஒரு சத்தம் அடில ஓடிக்கிட்டே இருக்கும் இல்லையா, அது கரண்டோட சத்தம், நம்ம நாட்டுல கரண்டு 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் படத்துல அந்த ஊம் கோடு 50ல ஆரம்பிச்சு பைய மேல ஏறி கடைசில 53 கிட்ட போயிருந்துச்சு. அந்தக் கோட்ட நெடுக 50க்கே இழுத்து நிறுத்துனாரு, கூடவே பாட்டும் தன் சுருதிக்கு வந்துடுச்சு. இரைச்சல்னு மொத இடத்துல துடச்சு எறிஞ்சாங்கல்லா, அதே சத்தத்த வச்சுத்தான் இவரு பாட்ட மீட்டாரு. எனக்கு அத அவரு திரைல காட்டும்போது கண்ணு கலங்கிடுச்சு.

நடுவுல ஒரு எடத்துல டப்புன்னு சத்தம் கேட்டு கதை தாண்டிப் போகும். அறுவது நிமிச கேசட்டுல ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிசம்தான், அப்பா திருப்பிப் போடுற நேரத்துல கதை நமக்காக நிக்குமா. அத ஒட்டி சரி பண்ணவான்னு கேட்டாரு, வேண்டாம்னுட்டேன். அப்பா விரலு பட்ட சத்தம் அது.

சுசீந்திரம் மார்கழித் திருவிழா நாதஸ்வரம் ரெண்டு கேசட்டு, தொண்ணூறு நிமிசக் கேசட்டு ரெண்டுமே. அந்த டேப் மெலிசா இருக்கும், சிக்கி சுருண்டு போயிருந்துச்சு. கேசட்டோட பழைய பிளாஸ்டிக் கூடத் திறந்து டேப்ப மட்டும் எடுத்து புதுக் கூட்டுல மாத்திப் போட்டாரு. ஸ்குரு வச்ச கூடுன்னா சுலபம், ஒட்டுன கூடுன்னா உடைச்சுதான் எடுக்கணுமாம். தவில் தனியாவர்த்தனத்துல நாலு செகண்டு போல கசங்கிப் போச்சு, அத ஒண்ணும் பண்ண முடியலன்னு நேராவே சொன்னாரு. மத்தபடி கொள்ளாம். அப்பா ரெக்கார்டர்ல டேப்பத் தொட்டுப் பதியுற ஹெட் லேசா சாஞ்சிருந்திருக்கு போல, எல்லாமே மந்தமா கேட்டுச்சு, இவரு தன்னோட டெக்குல ஒரு சின்ன ஸ்குருவ காதால கேட்டுக்கிட்டே திருப்புறாரு, ஒரு எடத்துல நாதஸ்வரத்து வாய்ல வைக்கிற சீவாளியோட சத்தம் படக்குன்னு தெளிஞ்சு வருது. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதத் தனித்தனியா பண்ணுதாரு.

ஆடி அமாவாசைய ஒட்டி நடக்குற குழித்துறை வாவுபலி பொருட்காட்சில கேட்ட கானமேளா ஒண்ணும் இருக்கு. ஆடி மழை கொட்டுது, கீபோர்டு மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க, ஆனா பாடகர் நிறுத்தல, டோலக்க மட்டும் வச்சுக்கிட்டு ஒரு மலையாளப் பாட்டு, ஒரு தமிழ்ப் பாட்டுன்னு மாத்தி மாத்திப் பாடுனாரு, ஜனங்க குடைய விரிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. டேப்புல மழைச் சத்தம்தான் முக்கால்வாசி. நான் எத்தனையோ ஊர்ல பெரிய பெரிய ஷோவுக்கு டிக்கெட் எடுத்துப் போயிருக்கேன், அந்த மழைக்கு ஈடா ஒண்ணும் வரல.

இப்ப அந்த ரெண்டாவது கேசட்டுக்கு வாறேன். நவராத்திரிக்கு பத்மநாபபுரத்துல இருந்து சரஸ்வதி அம்மன், குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை எல்லாரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா போவாங்க, நமக்குத் தெரிஞ்சதுதான். அங்க பத்மநாபசுவாமி கோயில் பக்கத்துல நவராத்திரி மண்டபத்துல அந்த சரஸ்வதி முன்னாடி ஒன்பது நாள் கச்சேரி, ஒவ்வொரு நாளைக்கும் சுவாதித் திருநாள் கீர்த்தனை ஒண்ணு, இன்ன நாளுக்கு இன்ன ராகம்னு கணக்கு. நாலாம் நாள் தோடி. அப்பா என்னைய வடசேரில பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போனாவ. அங்க கைதட்டக் கூடாது. கூரைல மண்பானை கவுத்துக் கட்டியிருக்கும், சத்தம் உருண்டு வரும். கீர்த்தனை முடிஞ்சதும் யாரும் அசையல, தம்புரா மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, அந்த அமைதிய எனக்கு இன்னும் மறக்க முடியல, சின்னப் பையன் நான், மூச்சு விடவே பயந்துட்டு இருந்தேன். அந்த மண்டபத்துல ஒரு பொம்பளை பாடுனதே 2006லதான், நம்ம எல்லை தாண்டுனதும் வர்ற பாறசாலை ஊரு பொன்னம்மாள் அம்மா.

மொத இடத்துல வெட்டி எறிஞ்சது இந்த அமைதியத்தான். பாட்டு முடிஞ்ச உடனே அடுத்த பாட்டு.

அண்ணாச்சி அத முழுசா எடுத்துக் கொடுத்தாரு. கொடுத்துட்டு, "இது நேர்ல பிடிச்சது இல்ல தம்பி, ரேடியோல பிடிச்சது, நடுவுல ஒரு பச்சப்புள்ள அழுது பாரு"ன்னாரு. எனக்குப் புரியல. அப்பா எங்கூட மண்டபத்துல இருந்தாவ, அப்ப யாரு பிடிச்சா? அம்மாகிட்ட கேட்டேன். தங்கச்சி கைக்குழந்தைங்கிறதால அம்மா வீட்ல இருந்துட்டாவ, அப்பா பட்டன எங்க அமுக்கணும்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருக்காவ, திருவனந்தபுரம் ரேடியோல கச்சேரி ஆரம்பிச்சதும் அம்மாதான் பதிஞ்சிருக்காவ. நாங்க அங்க உக்காந்து கேட்ட அதே தோடிய அதே நேரத்துல இங்க அடுக்களைல அம்மா கேட்டிருக்காவ. இத்தன வருசம் சொன்னதே இல்ல.

சரி, கடை விஷயம். ஒரு கேசட்டுக்கு 200 ரூவா, கூடு மாத்துனா 150 கூடுதல். எனக்கு நாலுக்கு மாத்துனாரு. ஒரு கேசட்டுல ஒண்ணுமே பதியல, அதுக்கு காசு வாங்கல, ஆக மொத்தம் 5000 ஆச்சு. வேவ் பைலும் எம்பி த்ரீயும் ரெண்டும் தருவாரு, வேவ் வந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி வரும், அதனால 64 ஜிபி பென்டிரைவ் நம்ம கொண்டு போயிடணும். மூணு வாரம்னு சொல்லி ரெண்டரை மாசம் ஆக்கிட்டாரு, அது எனக்கு நெசமாவே சங்கடமா இருந்துச்சு, போன் பண்ணா எடுக்கவும் மாட்டாரு, நேர்ல போனாத்தான் உண்டு. பைலுக்கு பேரு வைக்க மாட்டாரு, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் மட்டும்தான், நம்மளே கேட்டு எழுதிக்கணும். மாடிப்படி ரொம்ப செங்குத்து, வயசானவங்கள கூட்டிட்டுப் போகாதீங்க. வண்டி நிறுத்த எடம் கிடையாது. சாயந்திரம் நாலு மணிக்கு மேலதான் திறப்பாரு.

கொண்டு போகும்போது பூசணம் பிடிச்ச கேசட்ட வீட்ல போட்டுப் பாக்காதீங்க, டேப்பும் போகும் ஹெட்டும் போகும். வெயில்லயும் காய வைக்காதீங்க. அப்படியே ஒரு துணிப்பைல கொண்டு போய் கொடுங்க, மேல ஒட்டுன சீட்டு உதிர்ந்துட்டா அதையும் சேத்துக் கொடுங்க, எந்த வருசம்னு அதுல இருந்துதான் தெரியும்.

அஞ்சுக்கு நாலரை ஸ்டார், அந்த அரை தாமதத்துக்கு. அம்மாவுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி அதுல பென்டிரைவ சொருகி வச்சிருக்கேன். சாயந்திரம் விளக்கு ஏத்திட்டு சாயா போட்டு எடுத்துக்கிட்டு வந்து பதினேழாம் நம்பரப் போடச் சொல்லுதாவ. தங்கச்சி அழுற எடம் வந்ததும் சத்தத்தக் கூட்டச் சொல்லுதாவ.