ஜெர்ஸ் மாவட்டத்துச் சிறு சாலைகளில் மிதிவண்டி: நெடுநாள் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தென்மேற்குப் பிரான்சில், துலூஸ் நகருக்கு மேற்கே விரியும் ஜெர்ஸ் மாவட்டத்தின் சிறு சாலைகளைப் பல ஆண்டுகளாக, எல்லாப் பருவங்களிலும் மிதிவண்டியில் பயன்படுத்தி வருகிறேன். ஒரு சாலையின் குணம் முதல் பயணத்தின் வியப்பில் தெரிவதில்லை. மழையில், எதிர்காற்றில், அறுவடைக் காலத்தில், கடைகள் அடைத்த ஞாயிறு பிற்பகலில் அதில் போய்ப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிதிவண்டிக்கென்றே போடப்பட்ட தனிப்பாதைகளைவிட, கார்களுக்காகப் போடப்பட்டும் கார்கள் அரிதாகவே வரும் இந்தச் சாலைகள் மேலானவை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. அதைச் சோற்றிலும் தண்ணீரிலும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அமைதிக்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 6,250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டத்தில் வாழ்பவர்கள் சுமார் 1,90,000 பேர் மட்டுமே. ஆனால் இங்குள்ள ஊராட்சிகளோ 460 அளவில் இருக்கின்றன. நூறு பேர் வாழும் ஊருக்கும் தனி ஊராட்சி அலுவலகம், தேவாலயம், கல்லறைத் தோட்டம் என எல்லாம் உண்டு. அங்கே செல்லத் தார்ச்சாலையும் உண்டு, பெரும்பாலும் மூன்று நான்கு திசைகளிலிருந்து. தொலைதூரம் செல்லும் கார்களும் லாரிகளும் லெக்தூர், ஓஷ், மிராந்த் ஊர்களை வடக்குத் தெற்காக இணைக்கும் ‘என்21’ என்ற தேசிய நெடுஞ்சாலையையும், ஓஷ் நகரத்தைத் துலூஸுடன் இணைக்கும் ‘என்124’ தேசிய நெடுஞ்சாலையையும், மாவட்டச் சாலைகளில் பெரியவை சிலவற்றையும் பிடித்துக்கொள்கின்றன. மற்றவை எல்லாம் அந்தந்த ஊர்க்காரருக்கும், தபால் வண்டிக்கும், டிராக்டருக்கும், நமக்கும்தான்.

பெரிய மாவட்டச் சாலைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் உடற்பகுதிகளையும் இறக்கைகளையும் லாங்கோன் ஆற்றுத் துறைமுகத்திலிருந்து துலூஸ் தொழிற்சாலைக்கு இரவில் கொண்டுசெல்வதற்காக அகலப்படுத்தப்பட்ட சாலை இம்மாவட்டத்தின் ஊடாகத்தான் போகிறது. அந்த விமானத்தின் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. சாலையின் அகலமும் அது தூண்டும் வேகமும் மட்டும் எஞ்சியிருக்கின்றன. குறுக்கே கடக்கலாம், அதில் நீண்ட தொலைவு போகாதீர்கள்.

வழி தேடக் கைப்பேசிச் செயலிகளையும் பயன்படுத்தியிருக்கிறேன். அவை குறுகிய வழியைக் காட்டுகின்றன, சில சமயம் தார் தீர்ந்துபோய்ச் சோளக்காட்டுக்குள் நுழையும் வழியையும் காட்டுகின்றன. திட்டமிடுவதற்கு இன்றும் நான் நம்புவது 1:1,50,000 அளவில் வெளிவரும் மிஷெலின் காகித வரைபடத்தைத்தான். அதில் சிவப்பும் மஞ்சளும் போக்குவரத்து அதிகமுள்ள சாலைகள். வெள்ளை நிறத்தவை சிறு சாலைகள். ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி நன்றாக இருக்கும் என்று பொருள். சாலையின் மேல் இடப்பட்ட ஒற்றை அம்புக்குறி 5 முதல் 9 விழுக்காடு சரிவையும், இரட்டைக் குறி 9 முதல் 13 வரையும், மூன்று குறிகள் அதற்கும் மேலும் குறிக்கின்றன. அம்பின் முனை ஏறும் திசையைக் காட்டும். வெள்ளைச் சாலைகளை மட்டுமே கோத்து ஒரு நாள் பயணத்தை அமைத்துக்கொண்டு, மஞ்சளைக் கடப்பதற்கு மட்டும் பயன்படுத்தினால், ஒரு மணி நேரத்தில் எதிர்ப்படும் கார்களைக் கைவிரல்களுக்குள் எண்ணிவிடலாம். சாலையோரம் மஞ்சள் தலையுடன் நிற்கும் மைல்கற்கள் மாவட்டச் சாலையின் எண்ணைச் சொல்லும். ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் அதே சாலைக்கு வேறு எண் வந்துவிடும் என்பதால், எண்ணை விட அடுத்த ஊரின் பெயரை மனத்தில் வைத்திருப்பதே நல்லது.

இம்மாவட்டத்தில் பயணத்தின் சுகதுக்கத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, திசை. தெற்கே பிரெனே மலையடிவாரத்தில் லான்மெசான் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. அங்கிருந்து சாவ், அரா, ஜெர்ஸ், பயீஸ், ஒஸ் முதலிய ஆறுகள் விசிறி மடிப்புகளைப் போல வடக்கு நோக்கி விரிந்து, நேராகவோ வேறோர் ஆற்றில் கலந்தோ, கரோன் ஆற்றைச் சேர்கின்றன. ஒவ்வோர் இரண்டு ஆறுகளுக்கும் நடுவே ஒரு நீண்ட மேட்டு வரம்பு. வடக்கு தெற்காகப் போகிறவர் ஆற்றோரமாகவோ வரம்பின் உச்சியிலோ அதிக ஏற்ற இறக்கமின்றிப் போகலாம். கிழக்கு மேற்காகப் போகிறவரோ வரம்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கியாக வேண்டும். ஒவ்வோர் ஏற்றமும் நூறு மீட்டர் உயரத்தைச் சுற்றித்தான் இருக்கும் என்றாலும், நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் ஒரு மலைக்கணவாயை ஏறிய கணக்கு வந்துவிடும்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தப் பள்ளத்தாக்குகளின் இரு கரைகளும் ஒரே மாதிரியானவை அல்ல: மேற்கிலுள்ள இடக்கரை நீண்டு சாய்ந்த மென்சரிவு, கிழக்கிலுள்ள வலக்கரை செங்குத்தான குறுஞ்சரிவு. எனவே கிழக்கிலிருந்து மேற்கே போகும்போது இறக்கங்கள் செங்குத்தாகவும் ஏற்றங்கள் நீண்டு மென்மையாகவும் அமைகின்றன. மேற்கிலிருந்து கிழக்கே திரும்பும்போது அதுவே தலைகீழாகி, ஒவ்வொரு பாலத்தைத் தாண்டியதும் சுவர்போல ஒரு மேடு எழுந்து நிற்கும். ஆனால் இங்கே பெரும்பாலும் வீசுவது மேற்கிலிருந்து வரும் காற்று. ஆகவே மென்மையான ஏற்றங்களைத் தரும் திசை எதிர்காற்றையும் தருகிறது. நிலம் ஒரு கையால் கொடுப்பதைக் காற்று மறு கையால் வாங்கிக்கொள்கிறது. தென்கிழக்கிலிருந்து ஓத்தான் காற்று வீசும் நாட்களில் இந்தக் கணக்கு மாறும். அன்று மேற்கே போவதற்கு இணையான இன்பம் இம்மாவட்டத்தில் இல்லை. பாரமேற்றிய வண்டியில் வருபவர்கள் முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 34 பல் என்ற அளவுக்காவது இலகுவான கியர் வைத்துக்கொள்வது நல்லது.

வரம்பின் உச்சியில் ஓடும் சாலைகளே என் விருப்பம். இருபுறமும் கோதுமையும் சூரியகாந்தியும் சரிந்து இறங்க, தெற்கே பிரெனே மலைத்தொடர் முழுநீளமும் தெரியும் நாட்கள் உண்டு. மலை அருகில் வந்ததுபோல மிகத் தெளிவாகத் தெரிந்தால் மழை வரும் என்பது இவ்வட்டாரத்து நம்பிக்கை. என் அனுபவத்தில் அது பொய்த்ததை விடப் பலித்ததே அதிகம்.

சாலைப் பரப்பைப் பற்றி ஒரு குறை. பல சிறு சாலைகளைச் செப்பனிடும்போது தாரைத் தெளித்து, அதன்மேல் பொடி ஜல்லியைத் தூவி, வண்டிகளின் சக்கரங்களே அதை அழுத்திவிடட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். கோடையில் எச்சரிக்கைப் பலகையுடன் இத்தகைய துண்டுகள் அடிக்கடி வரும். அங்கே வளைவில் பிரேக்கை அழுத்தக் கூடாது, இறக்கத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஜல்லி படிந்த பிறகும் பரப்பு சொரசொரப்பாகவே இருக்கும். 25 மில்லிமீட்டர் டயரிலிருந்து 32க்கு மாறிய பிறகு கைகளின் மரப்பு குறைந்தது. வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை. இலையுதிர்காலத்தில் டிராக்டர்கள் வயலிலிருந்து இழுத்துவரும் களிமண் இன்னொரு தொல்லை. ஈரமாக இருக்கையில் வழுக்கும். காய்ந்தால் மட்கார்டுக்குள் கல்லாகிவிடும்.

ஓட்டுநர்களைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்துகையில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். குறுகிய சாலையில் அதற்கு இடமில்லாதபோது பின்னாலேயே பொறுமையாக வருகிறார்கள். ஊருக்குள் பலகையில்லாத சந்திப்புகளில் வலப்புறத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை என்ற விதியை மறந்துவிடக் கூடாது. சின்னச் சந்திலிருந்து வரும் காரும் நிற்காமலே வரும். ஜூன் கடைசியிலிருந்து அறுவடை இயந்திரங்கள் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும், அப்போது புல்லில் இறங்கி நிற்பதே வழி. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைப் பருவம் என்பதால், காட்டோரச் சாலைகளில் நான் பளிச்சென்ற நிறத்தில்தான் உடுத்துவேன். பண்ணை நாய்கள் குரைப்பவை. எல்லை தாண்டித் துரத்துபவை குறைவு.

இனி அந்த விலை. பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு கடைகூட இல்லாத தடங்கள் சாதாரணம். ஊர் இருக்கும், தேவாலயம் இருக்கும், பூந்தொட்டிகள் இருக்கும்; ஒரு ரொட்டி கிடைக்காது. இருக்கும் கடைகளும் நண்பகலுக்குப் பின் இரண்டு மூன்று மணி நேரம் மூடப்படும், ஞாயிறு பிற்பகலில் திறக்கவே மாட்டார்கள், திங்களன்று பல ரொட்டிக்கடைகளுக்கு விடுமுறை. சில ஊர்களில் ரொட்டி தரும் தானியங்கி இயந்திரம் வந்திருக்கிறது, சில்லறைக் காசுகளைக் கைவசம் வைத்திருங்கள். தண்ணீருக்குக் கைகொடுப்பவை கல்லறைத் தோட்டங்கள். பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதற்காக வாயிலருகே குழாய் இருக்கும். குடிக்கத் தகாதது என்ற பலகை இல்லையா என்று பார்த்துவிட்டுப் பிடித்துக்கொள்ளலாம். பனிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்க நீரை நிறுத்திவிடுவதும் உண்டு. விதிவிலக்கு, ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ நகரத்துக்குப் போகும் கிறித்தவ யாத்திரைப் பாதையில் உள்ள லெக்தூர், லா ரோமியு, கொந்தோம் போன்ற ஊர்கள். நடந்துவரும் யாத்திரிகர்களால் அங்கே காப்பிக்கடையும் தங்குமிடமும் பிழைத்திருக்கின்றன, அந்தப் பயனை நாமும் அனுபவிக்கிறோம்.

துலூஸிலிருந்து கரோன் ஆற்றையொட்டிய கால்வாயின் ஓரமாகப் போகும் தனிப்பாதையையும் நான் நன்கு அறிவேன். குழந்தைகளுடன் செல்பவர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் அது சிறந்தது, நிழலும் உண்டு. ஆனால் மரவரிசையும் நீரும் மாறாமல் மணிக்கணக்கில் தொடர்வதால் மனம் சலிக்கிறது; கால்வாய் ஊர்களை ஒதுங்கியே கடக்கிறது. சிறு சாலையோ ஒவ்வோர் ஊரின் நடுவழியாகவும் நம்மைக் கொண்டுபோகும்.

முதன்முறை வருபவருக்கு நான் சொல்லும் வழி இது. துலூஸிலிருந்து வட்டார ரயிலில் மிதிவண்டியுடன் ஓஷ் வரை வந்து, வடமேற்காக லாவர்தான் கோட்டை, காஸ்தேரா-வெர்துசான், 1151இல் நிறுவப்பட்ட ஃப்லாரான் மடம் வழியாகக் கொந்தோம் சேர்ந்து அங்கே தங்கலாம். மறுநாள் மதிலுக்குள் அடங்கிய சிற்றூரான லாரெசாங்கிள், வட்டவடிவில் கட்டப்பட்ட ஃபூர்செஸ் இரண்டையும் பார்த்துவிட்டு, கிழக்கே திரும்பி, வீட்டுச் சுவர்களில் கற்பூனைகள் அமர்ந்திருக்கும் லா ரோமியு வழியாக அஜான் ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். கூடுதலாக ஒரு நாள் கையிலிருந்தால், கொந்தோமிலிருந்து மேற்கே, லாந்து மாவட்டத்துக்குள் சற்றே நுழைந்து, லாபஸ்தீத்-தர்மஞ்ஞாக் அருகிலுள்ள மிதிவண்டிக்காரர்களின் மாதா ஆலயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சிற்றாலயமான அது 1959இல் மிதிவண்டிக்காரர்களுக்கென்று ஒப்படைக்கப்பட்டது, உள்ளே பந்தய வீரர்கள் அளித்த சட்டைகள் சுவரை மறைத்துத் தொங்குகின்றன. ஜூலை, ஆகஸ்டு வெயிலைத் தவிர்த்து மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை, அல்லது செப்டம்பரில் வருவது நல்லது. வாரநாளில் வந்தால் கடைகளும் திறந்திருக்கும். செவ்வாய்க்கிழமை புறப்பட்டால் திங்களின் பட்டினியும் இல்லை, ஞாயிறின் பட்டினியும் இல்லை.