ஒரே செயலியில் இரண்டு மொழிகள்: நோர்வேஜியனுக்கு வாங்கலாம், லித்துவேனியனுக்கு வேண்டாம்

ஓஸ்லோவில் இது எனக்கு மூன்றாவது குளிர்காலம். வந்த முதல் வாரமே ஃபோனில் ஒரு மொழிச் செயலியை இறக்கி, ஓராண்டுச் சந்தா கட்டி நோர்வேஜியன் படிக்கத் தொடங்கினேன். ஆண்டு முடிவதற்குள் கடையிலும் பேருந்திலும் ஆங்கிலம் இல்லாமல் சமாளிக்க முடிந்தது. நான் வேலை செய்யும் கிடங்கில் பாதிப் பேர் லித்துவேனியர்கள். இடைவேளையில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஆசை வந்தது. அதே செயலியில் லித்துவேனியன் பாடத்துக்கும் பணம் கட்டினேன். அதற்கு இப்போது எட்டு மாதம்.

முதலில் நோர்வேஜியன். ஒரு படம், ஒரு சொல், அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம், பிறகு ஒரு சொல்லை மட்டும் மாற்றி இன்னொரு வாக்கியம். இதுதான் இவர்கள் பாடம் நடத்தும் விதம். நோர்வேஜியனுக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஏனென்றால் அங்கே வினைச்சொல் ஆளைப் பார்த்து மாறுவதில்லை. யை பூர், டூ பூர், வீ பூர்: வசிக்கிறேன், வசிக்கிறாய், வசிக்கிறோம், மூன்றுக்கும் ஒரே 'பூர்'. பெயர்ச்சொல்லிலும் உடைமையைக் காட்ட ஒரு 'ஸ்' ஒட்டுவதோடு வேற்றுமை முடிந்தது. 'பூக்' என்றால் புத்தகம், குறிப்பிட்ட அந்தப் புத்தகம் என்றால் 'பூக்கா'. நமக்குச் சிக்கல் சொல் வரிசையில்தான். 'இன்று' என்று தொடங்கினால் அடுத்து வினை வந்தாக வேண்டும், 'நான்' அதற்குப் பின்னால் போய்விடும். இதைச் செயலி சலிக்காமல் திரும்பத் திரும்பப் பழக்கியது. இன்று யோசிக்காமலே எனக்கு வருகிறது.

ஒலிப்பதிவும் அருமை. விவசாயிகள் என்பதற்கும் அவரை விதைகள் என்பதற்கும் நோர்வேஜியனில் ஏறக்குறைய ஒரே ஒலி, குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே வேறு. இரண்டையும் உண்மையான மனிதர்கள் பேசிப் பதிந்திருக்கிறார்கள். உறவுமுறைப் பாடம் வந்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். 'மூர்மூர்' என்றால் அம்மாவின் அம்மா, 'ஃபார்மூர்' என்றால் அப்பாவின் அம்மா. எங்கள் வீட்டு அம்மம்மாவும் அப்பம்மாவும் அச்சு அசலாக அங்கே இருந்தார்கள்! ஒரு குறை உண்டு. 'நான்' என்பதற்கு 'யை' மட்டும்தான் சொல்லித்தருகிறது. வெளியே வந்தால் பெர்கன்காரர் 'ஏக்' என்கிறார், த்ரொண்ட்ஹெய்ம்காரர் 'ஆ' என்கிறார். அதற்கு ஒரு பாடம் வைத்திருக்கலாம்.

அப்புறம் லித்துவேனியன். அதே படம், அதே முறை. இங்கேதான் எல்லாம் உடைகிறது.

புத்தகப் படத்தைக் காட்டி 'க்னீகா' என்றது. இரண்டு பாடம் கழித்து, என்னிடம் புத்தகம் இல்லை என்பதற்கு நான் 'க்னீகா' என்று எழுத, சிவப்புக் கோடு. சரியான விடை 'க்னீகொஸ்'. ஏன் என்று ஒரு வரி விளக்கம் இல்லை. லித்துவேனியனில் ஏழு வேற்றுமைகள் உண்டு. 'இருக்கிறது' என்பது 'இல்லை' ஆனதும் அந்தப் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமைக்கு மாறிவிடும். இதை ஒரு பாடமாகவே நடத்தியிருக்க வேண்டும். ஆறு வாரம் சிவப்புக் கோடுகளைப் பார்த்து, எனக்கு மொழியே வராது என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். அதுதான் என் கோபம்.

ஏனென்றால் தமிழ் பேசுகிறவனுக்கு இது வேற்றுமொழியாகத் தோன்றவே கூடாது. ஓஸ்லோவுக்கு லித்துவேனியனில் 'ஓஸ்லஸ்' என்று பெயர். 'கீவெனு ஓஸ்லே' என்றால் ஓஸ்லோவில் வசிக்கிறேன். நம்மைப் போலவே 'நான்' தேவையில்லை, அது வினையின் விகுதியிலேயே இருக்கிறது. 'இல்' என்ற உருபு ஊர்ப்பெயரின் வாலில் இருக்கிறது. நோர்வேஜியனில் இதையே நான்கு தனிச் சொல்லாக அடுக்க வேண்டும். விளி வேற்றுமை கூட உண்டு. முருகன் 'முருகா' ஆவதுபோல், தோமாஸைக் கூப்பிடும்போது 'தோமாய்!' இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்த பிள்ளைக்கு ஒரு அட்டவணை போதும். அந்த அட்டவணை செயலியில் எங்கேயும் இல்லை.

குரலும் இயந்திரக் குரல். 'அவுக்ஷ்தஸ்' என்பதை ஒருவிதமாக இழுத்தால் உயரமான, இன்னொருவிதமாக இழுத்தால் மாடி. இயந்திரம் இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறது. அழுத்தம் எந்த அசையில் விழும் என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத மொழிக்கு நல்ல குரல் அவசியம்.

பண்பாட்டுக் குறிப்பு என்று நோர்வேக்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது, லித்துவேனியாவுக்கு ஒன்றும் இல்லை. 1864 முதல் 1904 வரை, ரஷ்யப் பேரரசு லத்தீன் எழுத்தில் லித்துவேனியன் அச்சிடுவதைத் தடை செய்திருந்தது. வெளியே அச்சிட்ட புத்தகங்களை எல்லை தாண்டிச் சுமந்து வந்தவர்களுக்கு 'க்னிக்நெஷேய்', அதாவது புத்தகம் சுமப்பவர்கள், என்றே பெயர். 'க்னீகா' பாடத்தில் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தச் சொல் யாருக்காவது மறக்குமா?

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். இலக்கண அட்டவணை புதியவர்களைப் பயமுறுத்தும் என்று பதில் வந்தது. என்னைப் பயமுறுத்தியது அட்டவணை இல்லாததுதான்.

நோர்வேஜியன் மட்டும் வேண்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஐந்துக்கு நாலரை தருவேன். லித்துவேனியனுக்கு ஒன்றரை. அந்தச் சந்தாவை நீட்டிக்கவில்லை. இப்போது ஒரு கோடு போட்ட நோட்டில் பக்கத்துக்கு ஒரு சொல், ஏழு வரி என்று எழுதி, இடைவேளையில் கூட வேலை செய்பவரிடம் காட்டுகிறேன். போன வாரம் அவர் தம் ஊர்ப் பழமொழி ஒன்றை எழுதிக்கொடுத்தார். 'தியேவஸ் தாவே தந்திஸ், துவொஸ் இர் துவொனொஸ்.' தெய்வம் பல் தந்தது, ரொட்டியும் தரும். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நாங்கள் சொல்வோம் என்றேன். அதைத் தமிழில் தன் நோட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். 'மரம்' என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை வேற்றுமை என்பது அவருடைய அடுத்த கேள்வி.