அல்கோன்குயின் செல்ல வரைபடம் வாங்குவோர் கவனத்திற்கு

கடந்த ஜூன் மாதம் ஒன்ராறியோவின் அல்கோன்குயின் மாகாணப் பூங்காவில் கனூ என்னும் சிறு துடுப்பு வள்ளம் வலித்துச் சென்று இரண்டு இரவுகள் உட்காட்டில் தங்குவதற்காக, இணையச் சந்தையில் தனியார் ஒருவர் விற்ற வரைபடத்தை 35 டொலருக்கு வாங்கினேன். நீர்புகாத் தாள், 1:50,000 அளவுத்திட்டம், கூடாரமிடும் இடங்கள் அனைத்தும் குறிக்கப்பட்டவை என்று விளம்பரத்தில் இருந்தது. மூன்றும் பொய் என்பதை ஏரியின் நடுவில்தான் அறிந்தோம்.

கணவரும் நானும் அக்காவின் பன்னிரண்டு வயது மகனும் ஸ்மோக் ஏரியில் இறங்கி, தெற்கே 240 மீற்றர் தரைப்பாதையில் வள்ளத்தைச் சுமந்து கடந்து, ராகெட் ஏரியில் தங்குவதாகத் திட்டம். வீட்டில் அடிமட்டம் வைத்து அளந்தபோது முதல் நாள் வழி 12 சென்ரிமீற்றர் வந்தது. 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர் என்பதால், 6 கிலோமீற்றர் என்று கணக்கிட்டுப் பிற்பகலில் சாவகாசமாகப் புறப்பட்டோம். உண்மையில் அது 8 கிலோமீற்றர். எதிர்க்காற்றில் அந்த இரண்டு கிலோமீற்றரும் பிள்ளையின் கைகளைச் சோர வைத்துவிட்டன.

காரணம் திரும்பி வந்தபின் விளங்கியது. கனடிய அரசின் இடவிளக்கப் படங்களில் ஒரு கிலோமீற்றர் பக்கமுள்ள சதுரக் கட்டங்கள் உண்டு. 1:50,000 படமானால் ஒவ்வொரு பக்கமும் 2 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். என் படத்தில் அது ஒன்றரை சென்ரிமீற்றர்தான். விற்றவர் பெரிய படத்தைத் தன் அச்சுப்பொறிக்கு ஏற்பச் சுருக்கியிருக்கிறார்; மூலையில் இருந்த அளவுத்திட்டத்தை மட்டும் மாற்றவில்லை. அரசு அப்படங்களை இலவசமாகத் தரவிறக்க விடுகிறது. அவற்றை அச்சிட்டு விற்பதில் எனக்குக் குறையில்லை. சுருக்கிய படத்தின் மேல் பழைய அளவை விட்டு விற்றதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

கூடாரக் குறிகளை அவரே வரைந்திருக்க வேண்டும். அல்கோன்குயினின் உட்காட்டில் நாம் பதிவு செய்வது ஏரியைத்தான். அந்த ஏரியில் எந்த இடம் என்பது முந்தி வருபவருக்கே. செம்மஞ்சள் பலகை உள்ள இடங்களில் மட்டுமே கூடாரம் அடிக்கலாம். படம் காட்டிய இரண்டு இடங்களில் கரையோரமாக மெதுவாக வலித்துத் தேடியும் பலகை இல்லை. பாறையும் அடர்ந்த மரங்களுமே இருந்தன. பலகை இருந்த இடங்களில் மற்றவர்கள் தங்கிவிட்டார்கள். இருட்டத் தொடங்கியபின்தான் ஓரிடம் கிடைத்தது. அங்கே கைப்பேசிக்கு அலைவரிசை இல்லை என்பதால், எவரையும் கேட்கவும் வழியில்லை.

மறுநாள் பிக் போர்க்குபைன் ஏரிக்குப் போகும் சுமைப்பாதையின் நீளம் படத்தில் 390 என்று வாசிக்கும்படி மங்கியிருந்தது. பாதை தொடங்கும் இடத்தில் பூங்காவின் மஞ்சள் பலகை 590 மீற்றர் என்றது. இரண்டு நடையில் சாமான் ஏற்றுபவர்கள், இடையில் வெறுங்கையோடு திரும்பி வருவதையும் சேர்த்து, அதே பாதையை மூன்று முறை நடக்க வேண்டும், அதாவது 1,170 மீற்றர் என்று எண்ணியது 1,770 மீற்றர், அதுவும் செங்குத்தான ஏற்றத்தில். அதற்குள் துடுப்பிலிருந்து சொட்டிய நீரிலேயே தாள் ஊறி, ஏரிகளின் நீலம் மடிப்புகள் வழியே வழிந்து என் கால்சட்டையில் கறையாகியிருந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் படத்தை நம்பி மேலே போக மனம் ஒப்பவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பயன்படுத்திய பொருளை ஏற்க முடியாது என்றார். பின்பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் "வழிகாட்டலுக்கு உகந்ததல்ல" என்று அச்சிட்டிருப்பதையும் அவரே சுட்டிக்காட்டினார். வழிகாட்டாத வரைபடம் எதற்கு என்ற என் கேள்விக்குப் பதில் வரவில்லை.

வாங்குமுன் கட்டத்தின் பக்கத்தை அடிமட்டத்தோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள்; மறுப்பவரிடம் வாங்காதீர்கள். அல்கோன்குயின் பூங்கா நண்பர்கள் அமைப்பு வெளியிடும் அதிகாரபூர்வ கனூ வழி வரைபடத்தில் சுமைப்பாதைகளின் நீளமும் கூடாரமிடும் இடங்களும் உள்ளன. இப்போது எங்களிடம் இருப்பது அதுதான். என்னிடம் விற்றவரின் விளம்பரம் நேற்றும் வேறு பெயரில், அதே மாதிரிப் படத்தோடு, விலை 40 டொலராக ஏறி இருந்தது.